விதைப்பானையில் சைகோன் வளையல்

என் மாமனாரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மறைப்பதற்கு அதில் ரகசியம் ஒன்றுமில்லை. அவர் வீட்டில் நான் இருந்த காலம் முழுக்க யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்கள் "இன்னாய்யா" என்றார்கள். சின்னவர்கள் "ஐயா" என்றார்கள். தன் பெயரைக்கூட அவர் புழக்கத்தில் விடாமல் எங்கேயோ பத்திரமாக எடுத்து வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

எதுவாக இருந்தாலும் அவருக்குப் பத்திரமாக இருக்க வேண்டும். உபயோகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. என் கலியாணத்துக்கு எனக்கு ஒரு குடை கொடுத்தார்கள். கறுப்புப் பட்டுத்துணி, வளைந்த கைப்பிடி, விரித்தால் 'டப்'பென்று ஒரு கம்பீரமான சத்தம். தாலி கட்டிய மறுநாள் குடையைக் காணோம்.

"மாமா, என் குடை..."

"உள்ளதான் இருக்குது மாப்ள. மழ பட்டா வீணாப்பூடும். பத்திரமா இருக்கட்டும்."

மழை படக்கூடாத குடையை உலகத்தில் முதன்முதலாக வைத்திருந்தவன் நான். ஐப்பசி அடைமழையில் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போவேன். வழியில் பார்க்கிறவர்கள், "மாப்ளைக்கு மாமனாரு வூட்ல குடைகூட எடுக்கலையா?" என்று பரிதாபப்படுவார்கள். எடுத்திருக்கிறார்கள், ஆனால் அது நனைந்துவிடும் என்று எப்படிச் சொல்வது?

நான் வீட்டோடு மாப்பிள்ளை. என் குடும்பம் மதகடிப்பட்டில் மளிகைக் கடை வைத்திருந்தது. அதில் நான் மூன்றாவது பிள்ளை. என்னைக் கல்லாவில் உட்காரவைத்தால், வருகிறவர் கதை கேட்டுச் சிரித்துவிட்டு, வந்த காரியத்தை மறந்து, சாமான் வாங்காமல் திரும்பிப்போய்விடுகிறார் என்பதை என் அண்ணன்மார்கள் கண்டுபிடித்தார்கள். உடனே எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். பெண்ணோடு சேர்த்து ஒரு வீட்டையும் பார்த்துவிட்டார்கள். அப்படித்தான் பெண்ணையாற்றங்கரையில் குருவிநத்தத்துக்கு வந்து சேர்ந்தேன்.

அந்த வீட்டில் எனக்கு வாய்த்த உத்தியோகம் ஏணி பிடிப்பது.

அதைச் சொல்வதற்கு முன்னால் மாமனாரின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்பீர்கள். விதை காப்பதில் பாகூர் கொம்யூன் கிராமங்கள் முழுக்க அவருக்கு இணையான ஆள் கிடையாது. உளுந்தோ பயறோ எள்ளோ, அவர் கையால் மூடிய பானையில் வண்டு விழுந்ததாக ஒரு பேச்சு வந்ததில்லை. பானையை நன்றாகக் காயவைப்பார். அடியில் சாம்பல் பரப்புவார். அதன்மேல் நொச்சி இலை. விதையைக் கொட்டி, மேலே மறுபடியும் இலை, சாம்பல். பிறகு மூடியைக் கவிழ்த்து, களிமண்ணும் சாணியும் உமியும் சேர்த்துப் பிசைந்த சேற்றால் ஊசிமுனை இடுக்குகூட விடாமல் பூசுவார். பூசிய பானை அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் பரணில் ஏறும். கீழிருந்து புகையும் வெதுவெதுப்பும் போய்க்கொண்டே இருந்தால் புழு பூச்சி அண்டாது. விதைப்பு நாள் வரும்வரை அந்தப் பானையை யாரும் தொடக்கூடாது. அவர்கூடத் தொடமாட்டார்.

சேறு பிசைவது நான். ஏணியைப் பிடிப்பதும் நான்.

"மாப்ள, புடிச்சிருக்கீங்களா?"

"புடிச்சிருக்கேன் மாமா."

"நல்லா புடிங்க. நான் வுழுந்தாலும் பரவால்ல, பானை வுழக்கூடாது."

அவருக்கு ஒரு மகன் உண்டு. என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். கலியாணமான சில மாதங்களில் அவன் சைகோனுக்குக் கப்பலேறினான். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் கம்பெனியின் சரக்குக் கிடங்கில் வேலை. புதுப்பெண்டாட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். மச்சான் பெண்டாட்டி எனக்குத் தங்கை முறை. "தங்கச்சி" என்பேன். அவள் "அண்ணே" என்பாள். அந்த வீட்டில் மாமனாருக்குப் பயப்படாத ஒரே பிறவி அவள்தான். என் மனைவிக்கும் பயம் கிடையாது, ஆனால் அவளுடைய தைரியமெல்லாம் என் விஷயத்தில் செலவாகிவிடும்.

சைகோனிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் கையில் மச்சான் ஏதாவது கொடுத்தனுப்புவான். முதலில் வந்தது ஒரு சீப்பு. அப்படி ஒரு வஸ்துவை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. தந்தத்தின் நிறம், உள்ளே தேன் ஓடுவதுபோல் கோடுகள். தந்தமா என்றால் கனமில்லை. கொம்பா என்றால் மாட்டு வாடை இல்லை. உள்ளங்கையில் தேய்த்து மோந்தால் கற்பூர வாசனை வந்தது. ஊர் அதற்கு 'சைகோன் கொம்பு' என்று பெயர் வைத்தது. செலுலாய்டு என்று ரொம்ப நாள் கழித்துப் புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு வாளி, குடம், செருப்பு என்று வீடெல்லாம் இறைந்து கிடக்கும் பிளாஸ்டிக்குக்கு அது பெரியப்பா முறை.

மாமனார் அதை மோந்து பார்த்துப் பரவசமானார்.

"கற்பூரத்துல செஞ்சிருக்கான் மாப்ள! செத்த மாட்டுக் கொம்பு இல்ல. சாமிக்கே வெக்கலாம். கரையான் தின்னாது, துரு புடிக்காது. பத்திரமா..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் தங்கச்சி சீப்பை அவர் கையிலிருந்து வாங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டுவிட்டாள்.

மாமனாரின் கை அந்தரத்தில் நின்றது. மருமகள் தலையில் ஏறிவிட்ட பொருளை மாமனார் எட்டி எடுக்க முடியுமா? அவர் முற்றத்தில் இருந்தால் அவள் கூந்தலை அவிழ்க்கக்கூட மாட்டாள். அப்படிப்பட்ட மரியாதை உள்ள வீடு. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து தினம் காலையில் கொல்லைப்புறத்திலிருந்து அவள் தலைவாரும் சத்தம் வரும். இவர் உள்ளே உட்கார்ந்து, "தேயுது... தேயுது..." என்று முனகுவார். ஒரு பல் உடைந்தால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல் அன்று சோறு சரியாக இறங்காது அவருக்கு.

ஆனால் அதற்கப்புறம் வந்த எதையும் அவர் தப்பவிடவில்லை. அடுத்த பொட்டலத்தில் தங்கச்சிக்கு வளையல்கள் வந்தன. சிவப்பும் வெள்ளையுமாக, கண்ணாடிபோல் மின்னின. கீழே போட்டால் உடையாது. அவள் ஒரு கையில் இரண்டை ஏற்றி அழகு பார்ப்பதற்குள் இவர் வெற்றிலைத்தட்டை நீட்டிவிட்டார்.

"கழட்டி இதுல வையிம்மா. அவன் வந்தப்பறம் அவன் கையால போட்டுவுடட்டும். இப்ப போட்டுகினு சாணி தட்டி, சட்டி கழுவி, பாழாக்கிடுவ."

"பாழானா இன்னா மாமா? எனக்குத்தான அனுப்பியிருக்காரு?"

"ஒனக்குத்தாம்மா. இல்லன்னு யாரு சொன்னா? ஒனக்காவத்தான் பத்திரமா வெக்கிறேன்."

இந்த இடத்தில் வாதாடுவது வீண். அவர் உன்னிடமிருந்து பிடுங்கவில்லை, உனக்காகக் காக்கிறார். பிடுங்குகிறவனோடு சண்டை போடலாம். காக்கிறவனோடு என்ன செய்வது?

அதே பொட்டலத்தில் எனக்கும் ஒன்று வந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி! துரைமார்கள் வெயிலில் போட்டுக்கொள்வது. பழுப்புச் சட்டம், காதுக்குப் பின்னால் வளைந்து போகும் காம்பு. ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தி சாய்ந்த பிறகும் கழற்றாமல் மாட்டுத் தொட்டியில் முட்டிக்கொண்டேன். வில்லியனூர்த் தேரோட்டத்துக்கு இதைப் போட்டுக்கொண்டு போய் நாலு பேர் கண்ணில் படுவது, என் அண்ணன்மார்கள் அந்த நாலு பேரில் இருப்பது, அவர்கள் என்னை முதலில் அடையாளம் தெரியாமல் கும்பிடுவது என்று திட்டமெல்லாம் போட்டுவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் கண்ணாடி இல்லை. என் மாமனார் சாம்பல் சலித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், பானைதான். அவருக்குத் தெரிந்த பத்திரம் அது ஒன்றுதான். விதையைக் காப்பதுபோலவே மகன் அனுப்பியதையும் காக்கப்போகிறார். சாம்பல், நொச்சி இலை, துணியில் சுற்றிய வளையல், என் கண்ணாடி, மறுபடியும் இலை. சேறு பிசைந்தவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. என் கண்ணாடிக்கு நானே சமாதி கட்டினேன்.

பரணுக்குக் கீழே இருந்த அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நெல் அவிப்பது அந்த அடுப்பில்தான். பெரிய அண்டாவில் நெல்லும் தண்ணீரும் கொதிக்க, ஆவி மேகம்போல எழுந்து நேராகப் பரணுக்குப் போகும். வெளியே ஆற்றங்கரை ஈரம், கூரையில் மழை, உள்ளே ஆவி. நாங்கள் புழுங்கினோம், நெல் புழுங்கியது, மேலே பானைக்குள் சைகோன் கொம்பும் புழுங்கியது.

அடுத்த பொட்டலம் வந்தபோது, அதையும் உள்ளே வைப்பதற்காகப் பானையைத் திறந்தார். கற்பூர வாசனை குப்பென்று அடித்தது. மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் வெள்ளை வளையலைப் பார்த்தேன். பசுநெய் நிறத்துக்கு வந்திருந்தது.

"மாமா, நெறம் மாறியிருக்குதே."

"பழுத்திருக்குது மாப்ள. வாழப்பழம் பழுக்கறதில்ல? நல்ல சரக்குன்னா அப்படித்தான்."

"தொட்டா பிசுக்குனு இருக்குது மாமா."

"ஒங்க கையி பிசுக்கு."

அன்றைக்கு வந்த முகம் பார்க்கும் கைக்கண்ணாடியும் கொண்டை ஊசிகளும் உள்ளே போயின. சேற்றுக்கு மேல் ஒரு பூச்சு தாரும் பூசினார். காற்று புகுவதால்தான் பழுக்கிறதாம். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான். நாம் போதுமான அளவுக்கு மூடவில்லை.

அதற்கப்புறம் பொட்டலம் வரவில்லை. ஜப்பான்காரன் சண்டையில் இறங்கினான், கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. சைகோன் என்ற ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காலம். மாமனார் தினம் புதுச்சேரிக்கு யாராவது போகிறார்களா என்று விசாரிப்பார், போய் வந்தவரை மறித்து நிறுத்துவார், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், "சண்ட முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வந்து பரணை அண்ணாந்து பார்ப்பார். பானை இருக்கிறது. அப்படியானால் மகனும் இருக்கிறான். கணக்கு அவ்வளவுதான்.

பானையிலிருந்து வேறு ஒரு வாசனை வர ஆரம்பித்தது. கற்பூரம் போய்விட்டது. புளித்த காடியும் பழைய எலுமிச்சங்காயும் சேர்ந்தாற்போல ஒரு நெடி, மூக்கின் மேல்தண்டில் போய்க் குத்தும்.

"நைனா, பானையில இன்னாமோ நாறுது," என்றாள் என் மனைவி.

"எலி செத்துக் கிடக்கும்."

"எலி பரண்ல எங்க நைனா இருக்குது?"

"அதான் செத்துப்பூட்டுதே!"

எலியைத் தேடுவதற்காக நான் ஏணியில் ஏற்றப்பட்டேன். கிடைக்கவில்லை. கீழே இறங்கி, எலி இல்லை என்று சொன்னதற்கு, எனக்குத் தேடத் தெரியவில்லை என்று தீர்ப்பானது.

இதற்கிடையில் ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. யாரும் நேரே சொல்லவில்லை. மஞ்சள் குங்குமம் கொடுக்கிற இடத்தில் தட்டு தங்கச்சியிடம் வரும்போது கொஞ்சம் வேகமாக நகர்ந்தது. வளைகாப்புக்கு அழைக்க வந்தவள் என் மனைவியை மட்டும் அழைத்துவிட்டு, இவளைப் பார்த்து, "நீயும் வாயேம்மா, வந்து ஒக்காரு" என்றாள். உட்காரலாம், ஆனால் வளையல் போட்டுவிடக் கூப்பிட மாட்டார்கள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவளை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்று ஊருக்குத் தெரியவில்லை. தங்கச்சி அன்று வீட்டுக்கு வந்து உரலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் எதையோ இடித்தாள். உரலில் ஒன்றும் இல்லை.

பாகூரில் மாமனாரின் சித்தப்பா மகன் வீட்டில் கலியாணம் வந்தது. பங்காளி வீடு, போகாமல் இருக்க முடியாது. கிளம்ப வேண்டிய நாள் காலையில் தங்கச்சி வந்து மாமனாருக்கு எதிரே நின்றாள்.

"மாமா, பானையத் தெறந்து வளையலக் குடுங்க. அவுரு அனுப்பின வளையல் கையில இருந்தாத்தான் நான் வருவேன். நலங்குக்கு என்ன கூப்புட்டுத்தான் ஆவணும். கூப்புடலைன்னா கையக் காட்டிக் கேப்பேன்."

"அவன் வரட்டும்மா."

"வருவாருன்னு எனக்கும் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாமா?"

மாமனார் மீசையைத் தடவினார். அவர் மீசையைப் பற்றி இதுவரை நான் சொல்லாதது தப்பு. விளக்கெண்ணெய் போட்டு, முனையை முறுக்கி, தூங்கும்போது துணி கட்டிப் பாதுகாத்த மீசை அது. அவர் வைத்திருந்த பொருள்களில் வெளிக்காற்று பட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"வெதப்பானைய வெதைக்கிற அன்னிக்கித்தாம்மா தெறக்கணும்," என்றார் தாழ்ந்த குரலில். "நடுவுல தெறந்தா... வெத மேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

இவ்வளவு வருஷம் இந்த மனிதரைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். அந்த நிமிஷம்தான் அவர் எதைப் பானைக்குள் வைத்து மூடியிருந்தார் என்பது எனக்கு விளங்கியது. விளங்கினாலும் எரிச்சல் குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் கண்ணாடியும் உள்ளேதான் இருந்தது.

தங்கச்சி நகரவில்லை. கடைசியில் அவர் எழுந்தார். "மாப்ள, ஏணி."

பானை கீழே வந்தது. தாரை வெட்டி, சேற்றைத் தட்டி, மூடியை நெம்பினார். நெடி முகத்தில் அறைந்தது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். மாமனார் உள்ளே கைவிட்டுத் துணிமூட்டையை எடுத்தார். துணி பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே வளையல்கள் இல்லை. கருப்பட்டிப் பாகு இறுகியதுபோல் பழுப்பாக ஒரு கட்டி இருந்தது. அதில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வளைவுகள் தெரிந்தன. கொண்டை ஊசியின் பித்தளை பச்சைபூத்து அதில் ஒட்டியிருந்தது. கைக்கண்ணாடியின் முதுகு நெளிந்து, வெடித்து, பிசினாக வடிந்திருந்தது. என் கறுப்புக் கண்ணாடியின் சட்டம் சுருங்கி முறுக்கிக்கொண்டதில் இரண்டு கண்ணாடிச் சில்லும் வெளியே விழுந்துவிட்டன. கை முறுக்குக்கூட அதைவிட நேராக இருக்கும்.

மாமனார் கட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துப்போச்சி," என்றார். "வெத செத்துப்போச்சிடா சாமி."

அவர் வளையலைச் சொல்லவில்லை. என் மனைவிக்கும் அது புரிந்து, "நைனா!" என்று அலறினாள்.

தங்கச்சி கொண்டையில் கைவைத்துச் சீப்பை உருவினாள். கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. மாமனாருக்கு எதிரே அவள் கூந்தல் அவிழ்ந்தது அதுதான் முதல் தடவை. சீப்பை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதப் பாருங்க மாமா. இதுவும் அவுரு அனுப்பினதுதான். அதே சரக்கு. தெனம் வாருறேன், எண்ணெய் படுது, வெயில்ல காயுது, கெணத்தடியில வுழுது. பல்லு நாலு போச்சி. வேற இன்னா ஆச்சி இதுக்கு? சொல்லுங்க, இன்னா ஆச்சி?"

ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் மஞ்சளித்திருந்தது. விளிம்பு மழுங்கியிருந்தது. மற்றபடி சீப்பு சீப்பாகவே இருந்தது. மாமனார் சீப்பைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். திரும்பச் சீப்பைப் பார்த்தார். அவர் முகத்தில் துக்கம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் கோபம் ஏறியது. ஏமாந்த குடியானவனின் கோபம்.

"அடச்சீ, கருமாந்தரம்!" என்று கட்டியைத் தூக்கி எரிகிற அடுப்பில் போட்டார். போட்டவர் சும்மா இருக்காமல், எரிகிறதா என்று குனிந்தும் பார்த்தார்.

'புஸ்'ஸென்று ஒரு தீ. அடுப்பிலிருந்து பரண்வரை மஞ்சளாக ஒரு தூண் எழுந்து, நாங்கள் கத்துவதற்குள் அடங்கிவிட்டது. இத்தனை மழைக்காலமும் வெடிமருந்துக்கு அடியில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம். புகை விலகியதும் மாமனார் நின்றுகொண்டிருந்தார். ஆண்டவன் புண்ணியத்தில் கண்ணுக்கும் தோலுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மீசையில் இடது பாதி இல்லை.

அரை மீசையோடு பங்காளி வீட்டுக் கலியாணத்துக்குப் போக முடியாது. "எடுத்துடுங்க மாப்ள," என்று கண்ணை மூடிக்கொண்டார். என் சவரக்கத்தியால் மீதிப் பாதியை எடுத்தேன். இருந்த அவசரத்தில் நாலு பேரில் ஒருவருக்கும், எல்லாம் தெரிந்தவன்போல் இன்று எழுதுகிற எனக்கும், மீசை இல்லாத முகத்துக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது தோன்றவே இல்லை.

வெட்கத்தில் அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தார். தங்கச்சி கொண்டை போட்டு, பூ வைத்து, கைநிறையக் கண்ணாடி வளையலோடு, நெற்றியில் பெரிய பொட்டோடு வந்தாள். பூவுக்கு மேலே பல்லுப்போன சீப்பு.

பந்தல் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா, அதாவது மாமனாரின் சித்தப்பா மகன், "வாண்ணே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். துண்டு நழுவியது.

நாகசுரக்காரர் எங்களைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டார். மழித்த மேலுதடு பளபளவென்று தெரிந்தது. பிள்ளையில்லாமல் செத்துப்போனவனுக்கு அப்பன்தான் மீசை எடுத்துக் காரியம் செய்ய வேண்டும். வேறு எதற்கு இந்த மனிதர் அந்த மீசையை எடுப்பார்?

"அண்ணே," என்றார் சித்தப்பா மகன். "எப்பண்ணே சேதி வந்துது?"

பந்தலுக்குள்ளிருந்து ஒரு கிழவி, "ஐயோ என் ராசா, சீமைக்குப் போயி மாண்டியா!" என்று எடுத்த எடுப்பில் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பெண் வீட்டார் எழுந்து நின்றார்கள். பங்காளிச் சாவு என்றால் பங்காளிகள் அத்தனை பேருக்கும் தீட்டு. பந்தல் போட்ட வீட்டுக்கும் தீட்டு. கலியாணம் நின்றுபோகும். சம்பந்தி முன்னால் வந்து, "தீட்டு இருக்குதா இல்லியா? இப்பவே சொல்லிடுங்க," என்றார். அதற்குள் ஒரு பெரியம்மாக்காரி அழுதுகொண்டே தங்கச்சியிடம் போய், அவள் தலைப்பூவை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தலையில கை வெக்காத பெரியம்மா," என்றாள் தங்கச்சி. சத்தம் போடவில்லை. ஆனால் ஒரு கையால் சீப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நான் மாமனாரின் காதில், "வேண்டுதல்னு சொல்லிடுங்க மாமா," என்றேன். என் கிசுகிசுப்பு எப்போதும் கொஞ்சம் உரக்கவே விழும்.

"வேண்டுதல்னா மொட்டை போடுவாங்க," என்றார் சம்பந்தி. "மீசை மட்டும் எடுக்கறது எந்தச் சாமிக்கு?"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வருஷாவருஷம் அவரிடம் வந்து விதை வாங்குகிறவர்கள். அவர் பானை கெட்டது என்று யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னதும் இல்லை. பூசணம் பூத்த புளியைக்கூட, "அது வேற சாதிப் புளி" என்று சாதித்தவர். அவர் தொண்டையைச் செருமினார். வழக்கம்போல் மீசையைத் தடவக் கை போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் இறங்கியது.

"தீட்டு இல்ல," என்றார். "எவனும் சாவல. எம் மவன் பொண்டாட்டிக்கு வளையல் அனுப்பினான். நான் அதப் போட்டுக்க வுடாம, வெதப்பானையில வெச்சி, மண்ணப் பூசி, தாரப் பூசி, பரண்ல ஏத்தி வெச்சேன். எல்லாத்தையும் அழுகிப்போவ வெச்சிட்டேன். காலையில தெறந்தா ஒரே பிசினு. அடுப்புல போட்டேன். மீசை எரிஞ்சிபூட்டுது. கெட்டது என் பானை. எம் மவன் கெடல. அவன் மொதல்ல அனுப்பின சீப்ப எம் மருமவ எங்கிட்ட குடுக்கல. தோ, அவ தலையில இருக்குது பாரு. நல்லா இருக்குது."

ஒப்பாரி வைத்த கிழவி, "அப்ப நான் எதுக்குடி அழுவறேன்?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். நாகசுரக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு சம்பந்தி. பிறகு பந்தலே சிரித்தது. "இன்னாண்ணே, வளையலு மொளைக்கும்னு பாத்தியா?" என்று எவனோ கத்தினான். "அடுத்த போகத்துக்கு எனக்கு ரெண்டு படி வளையலு எடுத்து வையி!" என்றான் இன்னொருவன். மாமனார் அத்தனையையும் மழித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு நின்றார்.

சித்தப்பா மகனின் மனைவி மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். "வாடி," என்று தங்கச்சியின் கையைப் பிடித்தாள். "மொத நலங்கு நீ வையி."

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் மாமனார் உள்ளே போய் என் கலியாணக் குடையை எடுத்துவந்து கொடுத்தார். "போட்டுக்கங்க மாப்ள." விரித்தேன். வானம் தெரிந்தது.

சண்டை முடிந்து கப்பல் விட்டதும் மச்சான் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக வந்தான், முடி கொட்டி வந்தான், ஆனால் வந்தான். அன்று அந்த வீட்டில் நடந்ததை எழுத எனக்கு வராது, எழுதினால் கேலி செய்துவிடுவேன். தங்கச்சி சீப்பை எடுத்து அவன் தலையில் மிச்சமிருந்த முடியை வாரிவிட்டாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவ்வளவு கஷ்டத்திலும் அவன் எனக்கு இன்னொரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்திருந்தான். கையில் வாங்கி, துணியால் துடைத்து, காம்பை விரித்து, முகத்துக்குக் கொண்டுபோகிறேன், பின்னாலிருந்து ஒரு கை வந்தது.

"மாமா!" என்று கத்தினேன். "பானையில வெக்காதீங்க மாமா, ஒங்களுக்குப் புண்ணியமாப்போவும்!"

"யாரு பானையில வெக்கிறா?" என்றபடி அவர் அதைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார்.

அப்புறம் அவர் அதைக் கழற்றவே இல்லை. ஏர் ஓட்டும்போது போட்டிருந்தார், சாப்பிடும்போது போட்டிருந்தார், குளிக்கும்போதும் போட்டிருந்தார். வில்லியனூர்த் தேருக்குப் போட்டுக்கொண்டு போனார். என் அண்ணன்மார்கள் அவரை யாரோ துரை வீட்டு ஆள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ராத்திரியில் தட்டுத்தடுமாறி வந்து என் கால்மேல் தடுக்கி விழுவார். "இருட்டிலயாவது கழட்டி வைங்களேன் மாமா" என்று நான் கெஞ்சினால், கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பி, அனுபவஸ்தர் குரலில் சொல்வார்:

"மூடி வெச்சா கெட்டுப்பூடும் மாப்ள. காத்து படணும்."